ஊர்ப் பெயர் சொல்லி வரும் அந்நியர்: சமூக வலைத்தளத்துக்குப் புதியவர்கள் செய்ய வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். அடுத்து யார் வீடு, எந்தச் சாஸ்தா கோயில், மூத்தவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று பேச்சு போகும். சேரன்மகாதேவியில் ஏறியவர் வீரவநல்லூரில் இறங்குவதற்குள் எப்படியாவது ஓர் உறவுமுறை வந்துவிடும். இந்தப் பழக்கம் நல்ல பழக்கம். அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் இப்போது ஃபேஸ்புக்கில் திறந்து கிடக்கின்றன. எங்கோ இருக்கும் ஒருவன் அவற்றைப் படித்துவிட்டு, "அத்தை, அம்பாசமுத்திரம் மாமா பையன் பேசுகிறேன்" என்று அழைக்க முடியும். ஊரும் குலதெய்வமும் வீட்டில் கூப்பிடும் பெயரும் தெரிந்தவனை நாம் சந்தேகிப்பதில்லை. அவன் வேலை பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே நம்முடைய தகவல்களில் எது யாருக்குத் தெரியலாம் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். இப்போதுதான் ஸ்மார்ட்போன் வாங்கிய பெற்றோருக்கும், சுயஉதவிக் குழுவின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்ட பெண்களுக்கும், கல்லூரியில் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் கணக்குக்குப் பூட்டு, அடுத்து யார் பார்க்கலாம் என்ற முடிவு, அதற்குப் பிறகுதான் எதைப் போடுவது என்ற யோசனை. பூட்டில்லாத கணக்கில் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

செயலிகள் புதுப்பிக்கப்படும்போது நான் சொல்லும் இடங்கள் சற்று மாறலாம். பெயர் அநேகமாக மாறாது. செட்டிங்ஸுக்குள் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டால் கிடைத்துவிடும்.

ஆறு இலக்கக் குறியீடு

வாட்ஸ்அப் கணக்கு உங்கள் கைபேசி எண்ணோடு சேர்ந்தது. அந்தக் கணக்கை வேறொரு கைபேசியில் திறக்க முயன்றால், உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை யார் பதிகிறாரோ அவரிடம் கணக்கு போய்விடும். அதனால்தான் குறியீட்டைக் கேட்டு வரும் செய்தி பெரும்பாலும் தெரிந்தவர் பெயரிலேயே வருகிறது. "மதினி, எனக்கு வர வேண்டிய குறியீடு தவறி உங்களுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள்" என்று இருக்கும். அனுப்பியது கொழுந்தனின் கணக்கேதான். ஆனால் அது அதற்கு முன்பே பறிபோன கணக்கு. அவர் தொடர்புப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதே செய்தி போயிருக்கும்.

உங்கள் கைபேசிக்கு வரும் குறியீடு உங்கள் கணக்கின் சாவி. பிறருடைய குறியீடு உங்களுக்குத் தவறி வருவதில்லை. வங்கி மேலாளர் என்று சொல்பவர் கேட்டாலும், அரசு அலுவலகம் என்று சொல்பவர் கேட்டாலும், பெற்ற பிள்ளையே வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் போன் செய்து, குரல் கேட்டு, காரணத்தைச் சொல்லட்டும்.

இப்போது பூட்டைப் போடுவோம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுன்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அதை இயக்கினால் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை நீங்களே அமைக்கச் சொல்லும். பிறந்த தேதியையோ 123456 என்பதையோ வைக்காதீர்கள். மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கேட்கும்; அதைக் கட்டாயம் கொடுங்கள். இதைச் செய்துவிட்டால் எஸ்எம்எஸ் குறியீடு கைமாறினாலும் இந்த இரண்டாவது எண் இல்லாமல் கணக்கு திறக்காது. இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

கணக்கு ஏற்கெனவே போய்விட்டதா? வாட்ஸ்அப்பை உங்கள் கைபேசியில் திறந்து, உங்கள் எண்ணைப் போட்டு, புதிதாக வரும் குறியீட்டைப் பதியுங்கள். பதிந்ததும் எதிரில் இருப்பவன் வெளியேற்றப்பட்டுவிடுவான். அவன் இரண்டாவது ரகசிய எண்ணை அமைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. இதற்கிடையில் உறவினர்களுக்குப் போன் செய்து, உங்கள் பெயரில் வரும் செய்தியை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பார்சல் வந்திருக்கிறது என்று ஒருவர் அழைத்து, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை டயல் செய்யச் சொல்வார். அது உங்கள் அழைப்புகளை அவருடைய எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளையாக இருக்கலாம். குறியீட்டைக் குரல் அழைப்பாகவும் பெற முடியும் என்பதால், அழைப்பு திரும்பினால் குறியீடும் திரும்பிவிடும். பார்சல் பெற நீங்கள் எந்தக் கட்டளையையும் டயல் செய்ய வேண்டியதில்லை.

மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் என்று வளைகுடா நாடுகளில் ஆட்கள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு போனவரின் இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், அது சில மாதங்களில் ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். அந்த எண்ணோடு சேர்ந்த வங்கிக் கணக்கும் ஃபேஸ்புக்கும் மின்னஞ்சலும் அப்படியே இருக்கும். புதிதாக எண் வாங்கியவர் நல்லவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எண்ணை விடுவதாக இருந்தால் வங்கியிலும் ஆதாரிலும் முதலில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' என்ற வசதி இருக்கிறது. விடுவதில்லை என்றால் வீட்டில் யாராவது ஒருவர் ரீசார்ஜ் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லும் மின்னஞ்சலும்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் கடவுச்சொல் மறந்தால் மின்னஞ்சல் வழியாகத்தான் பெரும்பாலும் மீட்கிறோம். அப்படியானால் மின்னஞ்சலைத் திறப்பவன் எல்லாவற்றையும் திறப்பான். மின்னஞ்சலுக்கு வைக்கும் கடவுச்சொல்லை வேறு எங்கும் வைக்காதீர்கள்.

பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடம், டிஎன் 72 என்று தொடங்கும் வண்டி எண், குலதெய்வத்தின் பெயர் ஆகியவற்றைத்தான் நம்மில் பலரும் கடவுச்சொல்லாக வைக்கிறோம். பிள்ளையின் பிறந்தநாள் கேக் படமும், புது வண்டிக்கு மாலை போட்ட படமும், கோயில் கொடைப் படமும் அதே ஃபேஸ்புக்கில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஓர் எண்ணைச் செருகுங்கள். நினைவில் நிற்கும், ஊகிக்கவும் கடினம். கடவுச்சொல்லை எங்குமே எழுதி வைக்கக் கூடாது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டு பீரோவில் இருக்கும் நோட்டில் எழுதி வைப்பது, எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. கைபேசியில் படம் எடுத்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதும்தான் கூடாது.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் 'அக்கவுன்ட்ஸ் சென்டர்' என்ற இடத்தில் 'பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி' இருக்கும். அதற்குள் டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷனை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பூட்டை, இயக்குங்கள். அதே பக்கத்தில், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் வரும். தெரியாத கருவி இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றி இருக்கும் கடைகளைப் பார்த்தால் தெரியும். மனுவோடு இணைக்க ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் என்று கூட்டம் நெரியும். இப்போது பாதிப் பேர் அட்டையைக் கொண்டுவருவதில்லை; கைபேசியில் இருக்கும் படத்தைக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் நாணயமானவராகவே இருக்கட்டும். அந்தக் கைபேசியில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதாரும் பான் கார்டும் வங்கிப் புத்தகமும் சேர்ந்துகொண்டே போகின்றன. அது தொலைந்தாலும், பழுது பார்க்கக் கொடுத்தாலும், விற்கப்பட்டாலும் உங்கள் அட்டையும் கூடவே போகும்.

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று: கடையின் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, உங்கள் கைபேசியால் கியூஆர் குறியீட்டைக் காட்டி, படத்தை இறக்கி அச்சிட்டுவிட்டு அவசரமாகப் பஸ் பிடிக்கப் போவது. நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப் திறந்தே இருக்கும். வீட்டுப் பேச்சு, மருத்துவமனை ரிப்போர்ட், வங்கிச் செய்தி எல்லாம் அடுத்து உட்காருபவர் கண்ணில் படும். இந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு (ஐபோன் என்றால் செட்டிங்ஸில்) 'லிங்க்டு டிவைசஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத கம்ப்யூட்டர் பட்டியலில் இருந்தால், அதன் மேல் தொட்டு 'லாக் அவுட்' செய்யுங்கள். மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது. கைபேசியை யாரிடமாவது கொடுத்து வாங்கினால் அன்றே பாருங்கள்.

அடுத்த முறை நகல் எடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள்:

1. முடிந்தால் அட்டையையே கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் நகல் எடுங்கள். சரியாக விழாத தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள்.
2. நகலின் மேல் குறுக்கே "விதவை உதவித்தொகை மனுவுக்கு மட்டும்" என்பது போலக் காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள். எழுத்து எண்களின் மேல் படாமல், ஆனால் படத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும்.
3. கைபேசியில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சானதும் கடைக்காரரின் கைபேசியில் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். "அண்ணாச்சி, அதை அழித்துவிடுங்கள்" என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.
4. முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும்.

இறக்கிய ஆதார் கோப்புக்கு ஒரு கடவுச்சொல் உண்டு: ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகள், அவற்றோடு பிறந்த வருடம். ஃபேஸ்புக்கில் பெயரையும் பிறந்த வருடத்தையும் எல்லோருக்கும் காட்டிவைத்தால், கைக்கு வந்த கோப்பைத் திறக்க யாருக்கும் சிரமம் இருக்காது. பிறந்தநாள் வாழ்த்து வேண்டுமென்றால் நாளும் மாதமும் நண்பர்களுக்குத் தெரிந்தால் போதும். வருடத்தை 'ஒன்லி மீ' (எனக்கு மட்டும்) என்று மாற்றுங்கள்.

உங்கள் நகலைக் கொண்டு வேறு யாராவது சிம் கார்டு வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் பதிந்தால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளின் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாததை அங்கேயே குறித்துப் புகார் செய்யலாம். தொலைந்த கைபேசியை முடக்குவதற்கும் அதே தளம்தான்.

யார் பார்க்கலாம்

ஃபேஸ்புக்கில் பலரும் கவனிக்காத இடம் நண்பர்கள் பட்டியல். உங்கள் முகப்புப் படத்தையும் பெயரையும் எடுத்து இன்னொரு கணக்கைத் தொடங்க எவனுக்கும் ஐந்து நிமிடம் போதும். அந்தப் போலிக் கணக்கிலிருந்து யாரிடம் பணம் கேட்பது என்பதை அவன் உங்கள் நண்பர்கள் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்கிறான். "மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரம்" என்பது ஒரு வகை. "என் நண்பர் துணைராணுவத்தில் இருக்கிறார், இடமாற்றலாகிப் போகிறார், வீட்டுச் சாமான்களைக் குறைந்த விலைக்குத் தருகிறார்" என்பது இன்னொரு வகை. அரசு ஊழியர்களின் பெயரில் இது அடிக்கடி நடக்கிறது. பட்டியலை மறைத்துவிட்டால் போலிக் கணக்கை அவன் தொடங்கினாலும் யாருக்கு அனுப்புவது என்று தெரியாது. செட்டிங்ஸில் 'ஹவ் பீப்பிள் ஃபைண்ட் அண்ட் கான்டாக்ட் யூ' என்ற இடத்தில், நண்பர்கள் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதை 'ஒன்லி மீ' ஆக்குங்கள்.

அதே இடத்தில், உங்கள் கைபேசி எண்ணைக் கொண்டு உங்களை யார் தேடலாம் என்றும் கேட்டிருக்கும். அதையும் 'ஒன்லி மீ' ஆக்குங்கள். 2021-இல் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் கைபேசி எண்ணோடு இணையத்தில் வெளியாகின. எண்ணைக் கொண்டு ஆளைத் தேடும் வசதியைப் பயன்படுத்தித்தான் அவற்றை 2019 செப்டம்பருக்கு முன்பு திரட்டியிருந்தார்கள். அப்படிப் போன எண்களைத் திரும்பப் பெற முடியாது.

முழுக் கணக்கையும் ஒரேயடியாக மூட ஃபேஸ்புக் 2020-இல் இந்தியாவில் 'லாக் புரொஃபைல்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. உங்கள் பக்கத்தில் பெயருக்குக் கீழே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் கிடைக்கும். அதன் பிறகு நண்பர் அல்லாதவர்களால் உங்கள் பதிவுகளையும் படங்களையும் பார்க்க முடியாது. பழைய பொதுப் பதிவுகளும் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். பெண்களுக்கும், ஃபேஸ்புக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்தாத எல்லோருக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன். பத்தமடைப் பாய் விற்பவர், அல்வாக் கடை வைத்திருப்பவர் போன்றோருக்குப் பொதுப் பக்கம் தேவைதான். அவர்கள் கடைக்குத் தனிப் பக்கமும் தனி எண்ணும் வைத்துக்கொண்டு, குடும்பப் படங்களைப் பூட்டிய கணக்கில் போடலாம்.

இன்ஸ்டாகிராமில் 'பிரைவேட் அக்கவுன்ட்' என்று மாற்றுவது எளிது. ஆனால் மாற்றுவதற்கு முன்பே பின்தொடரத் தொடங்கியவர்கள் அப்படியே உள்ளே இருப்பார்கள். பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்து, தெரியாதவர்களை நீக்குங்கள். நீக்கியது அவர்களுக்கு அறிவிப்பாகப் போகாது.

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதியைத் திறந்து முகப்புப் படம், லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூன்றையும் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வையுங்கள். அங்கேயே 'குரூப்ஸ்' என்பதையும் அப்படி மாற்றினால், முகம் தெரியாதவர் உங்களைக் குழுக்களில் சேர்க்க முடியாது. பங்குச்சந்தை, வீட்டிலிருந்தே வேலை என்று வலை விரிக்கும் குழுக்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: சமையல் வாயு ஏஜென்சிக்காரர் முதல் எப்போதோ ஒருமுறை வந்த எலெக்ட்ரீஷியன் வரை, யாருடைய எண்ணையெல்லாம் நீங்கள் சேமித்து வைத்திருக்கிறீர்களோ அவர்கள் எல்லோரும் உங்கள் கான்டாக்ட்ஸ்தான். தேவையில்லாதவற்றை அழியுங்கள்.

உங்கள் நண்பரின் கவனக்குறைவு

"அடுத்த பிறவியில் நீங்கள் யார்?", "உங்கள் முகம் எந்த நடிகரைப் போல இருக்கிறது?" என்று வரும் விளையாட்டுகளைத் தொடாதீர்கள். 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இப்படி ஒரு வினாடி வினாச் செயலியில் தொடங்கியதுதான். ஃபேஸ்புக் அப்போது சொன்ன கணக்குப்படி இந்தியாவில் அந்தச் செயலியைப் போட்டவர்கள் 335 பேர். ஆனால் விவரம் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.6 லட்சம் பேர், ஏனென்றால் போட்டவர்களின் நண்பர்களுடைய விவரங்களையும் செயலி எடுத்துக்கொண்டது. அந்த வழியை ஃபேஸ்புக் பிறகு அடைத்துவிட்டது. ஆனாலும் கைபேசியில் ஒரு செயலிக்குத் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால், உங்கள் சித்தியின் எண்ணும் அதோடு போகிறது.

கடன் தரும் செயலிகள் இதையே ஆயுதமாக்குகின்றன. தவணை தவறினால், ஏன், சில சமயம் தவறாமலே, பட்டியலில் உள்ளவர்களுக்கு உங்கள் படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பி மிரட்டுகிறார்கள். தொடர்புப் பட்டியலையும் படங்களையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதித்திருக்கிறது. ஆகவே ஒரு கடன் செயலி உங்கள் கான்டாக்ட்ஸைக் கேட்டாலே அது விதியை மீறுகிறது என்று தெரிந்துகொண்டு அழித்துவிடுங்கள்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அதன் பெயரைச் சொல்லி ஒரு லிங்க் குழுவில் வந்தால், அதில் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் நிரப்பிவிடாதீர்கள். உண்மையான விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான். சந்தேகமிருந்தால் பள்ளித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். லிங்கை அனுப்பியவர் பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும், அவருக்கு அனுப்பியவர் யார் என்று அவருக்கே தெரியாது.

எதைப் போடுவது, எப்போது போடுவது

பங்குனி உத்திரத்தன்று நம் ஊர்களில் வீடு வீடாகப் பூட்டிக் கிடக்கும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள் உட்பட எல்லோரும் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போயிருப்பார்கள். காரில் ஏறும்போதே ஸ்டேட்டஸ், பொங்கல் பொங்கும்போது நேரலை, இரவு தங்கும் இடத்தின் படம் என்று வரிசையாகப் போட்டால், வீட்டில் யாரும் இல்லை என்பதையும் எப்போது திரும்புவீர்கள் என்பதையும் நீங்களே அறிவிக்கிறீர்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனாலும், சாரல் நேரத்தில் குற்றாலம் போனாலும் இதேதான். திரும்பி வந்து, கதவைத் திறந்து, மறுநாள் போடுங்கள். படத்தின் அழகு ஒரு நாளில் குறைந்துவிடாது.

அருவியிலும் தாமிரபரணிப் படித்துறையிலும் எடுக்கும் படங்களைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். உங்கள் செல்ஃபிக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருக்கும் பெண்கள் தங்கள் படம் இணையத்தில் வருவதற்குச் சம்மதிக்கவில்லை. பின்னணியில் அப்படி யாராவது இருந்தால் படத்தை வெட்டுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள். தனியுரிமை என்பது நமக்கு மட்டும் உள்ளதல்ல. அது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. படித்துறையில் நிற்கும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு.

போடவே கூடாதவை சில. பிளஸ் டூ முடிவு வந்ததும் பதிவெண் தெரியும்படி மதிப்பெண் பக்கம்: பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் முடிவுப் பக்கத்தை யாரும் திறக்கலாம். பிஎன்ஆர் எண் தெரியும் நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட். புதிதாக வந்த விசாவும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும். முகவரிச் சீட்டோடு கூரியர் பெட்டி. மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமென்றால் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆவணத்தைக் காட்ட வேண்டாம்.

கைபேசிக் கேமரா, படம் எடுத்த இடத்தையும் கோப்புக்குள் எழுதி வைக்கக்கூடியது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். பழைய சோபாவை விற்க வீட்டில் வைத்துப் படம் எடுத்து, தெரியாதவருக்கு டாக்குமென்ட்டாக அனுப்புவது வீட்டு முகவரியைக் கொடுப்பதற்குச் சமம். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை நிறுத்திவிட்டால் இந்தக் கவலை இல்லை.

பிள்ளைகள்

மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைப்பதும், அந்த ஃப்ளெக்ஸைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதில் சிறுமியின் பெரிய படம், முழுப்பெயர், அப்பா பெயர், தெரு, சில சமயம் பள்ளியின் பெயர், கீழே தாய்மாமன்களின் கைபேசி எண்கள் எல்லாம் இருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பற்றி ஓர் அந்நியனுக்கு இதைவிட முழுமையான தகவல் வேறு எங்கும் கிடைக்காது. அவள் பள்ளி வாசலில் நின்று, "உன் மாமா அனுப்பினார்" என்று பெயரோடு சொல்ல அவனுக்கு இது போதும். விழாவைச் சிறப்பாக நடத்துங்கள். அழைப்பிதழை வேண்டியவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். பொது இடத்தில் அவள் படமும் பள்ளியும் வேண்டாம். அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்புத் தோழர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பதை அவள் விரும்பாமல் இருக்கலாம்.

பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்கும்போது உண்மையான பிறந்த தேதியைப் போடச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்கை இன்ஸ்டாகிராம் தானாகவே 'பிரைவேட் அக்கவுன்ட்' ஆக வைக்கிறது; 16 வயதுக்குக் கீழே என்றால் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. ரகசியமாக அவர்கள் கைபேசியைத் திறந்து படிப்பதை நான் ஆதரிக்கவில்லை. தப்பு நடந்தால் திட்டு விழாது என்ற உறுதி பிள்ளைக்கு இருந்தால், மிரட்டல் வந்த அன்றே வீட்டில் சொல்லும். அந்த உறுதி இல்லாத பிள்ளைதான் மிரட்டியவன் கேட்டதையெல்லாம் செய்கிறது.

கெட்டது நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. இது நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அதை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு நாளைக்கு அழைக்கலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள்.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த தொகையைக் கேட்பான். கோபத்தில் அரட்டையையும் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அவனுடைய கணக்கின் பெயர், அந்தக் கணக்கின் இணைய முகவரி, செய்திகள், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி திரைப் படங்கள் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அவனைத் தடை செய்யுங்கள். அந்தரங்கப் படம் பரவும் என்ற பயம் இருந்தால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் உதவும். உங்கள் படத்தை அது வாங்குவதில்லை. உங்கள் கைபேசியிலேயே படத்துக்கு ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற தளம் இதே வேலையைச் செய்கிறது. குழந்தைகள் விஷயத்தில் 1098-க்கும், பெண்கள் 181-க்கும் அழைக்கலாம்.

பிறகு புகார். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற மத்திய அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பெண்களும் குழந்தைகளும் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிய அதில் வழி இருக்கிறது. நேரில் போக விரும்பினால் மாவட்டத்தின் சைபர் குற்றப் பிரிவுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ போங்கள். தென்காசி 2019-இல் தனி மாவட்டமான பிறகு, இது எங்கள் எல்லை இல்லை என்ற பதில் எல்லையோர ஊர்க்காரர்களுக்கு வரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கி ஏமாற்றியவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்கத்தைப் படம் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் 66இ.

போகும்போது திரைப் படங்களின் அச்சு, பணம் போன உங்கள் வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், பரிவர்த்தனை எண், உங்கள் அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியும் கையில் இருக்கட்டும். அசல் செய்தியைக் காட்டச் சொல்வார்கள். பதிந்த புகாருக்கு ஓர் ஒப்புகை எண் தருவார்கள். அதை உங்கள் கைபேசியில் மட்டும் வைக்காமல் வீட்டு நோட்டிலும் எழுதிவையுங்கள். புகாரின் நிலையைப் பார்க்கவும், வங்கியில் கேட்டால் காட்டவும் அது வேண்டியிருக்கும்.